கிரஹாம் கிரீன்: ஸ்கோபியிடம் இருப்பது இரக்கமா, இறுமாப்பா?

நெய்தல் எழுதியது:

வெள்ளவத்தையில் எங்கள் வாசகர் வட்டம் அடுத்த கூட்டத்துக்கு ஆங்கில எழுத்தாளர் கிரஹாம் கிரீனின் ‘த ஹார்ட் ஒஃப் த மேட்டர்’ நாவலை எடுத்திருக்கிறது. அதன் நாயகன் ஸ்கோபி மேற்கு ஆபிரிக்காவில் பிரிட்டிஷ் பொலிஸ் அதிகாரி, கத்தோலிக்கன், கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறவன். நேரம் கிடைத்தால் ‘த பவர் அன்ட் த குளோரி’யையும் தொடலாம் என்று எண்ணம். வருகிறவர்களில் பெரும்பாலானோர் சைவர்கள். கத்தோலிக்கர் மூவர். எந்தக் கோயில் பக்கமும் போகாதவர் ஒருவர், அதிகம் கதைப்பவரும் அவர்தான்.

கூட்டத்துக்கு முன்னரே வாட்ஸ்அப்பில் அடிபிடி தொடங்கிவிட்டது. “ஸ்கோபி இரக்கத்தால் கெட்ட மனுசன், அவனுக்கும் நரகம் என்றால் அது என்ன கடவுள்?” என்கிறது ஒரு பக்கம். “பாவத்துக்குப் பன்னீர் தெளித்து எழுதின புத்தகம்” என்கிறது மற்றப் பக்கம்.

எனக்கு விளங்காத இடங்கள் இவை. ஹெலன் என்ற இளம் விதவையோடு பழகத் தொடங்கியபோது ஸ்கோபி அவ்வளவு கலங்கவில்லை. மனைவியோடு பூசைக்குப் போய் நன்மை (கிறிஸ்துவின் சரீரமாகக் கொடுக்கிற அப்பம்) வாங்குகிற இடத்தில் மட்டும் உலகமே இடிந்து விழுகிற மாதிரி எழுதியிருக்கிறது. ஏன்? பாதரிடம் போய் “இனிச் செய்யமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தால் முடிகிற காரியம்தானே என்று ஒருவர் கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை. அடுத்தது, மற்ற நாவலில் வரும் குடிகாரப் பாதிரியாரைக் கண்ணப்ப நாயனாரோடு ஒப்பிட்டு ஒருவர் கட்டுரை எழுதிக்கொண்டு வரப்போகிறார். பொருந்துமா? நல்லவனைவிடப் பாவிதான் கடவுளுக்குக் கிட்ட என்று உண்மையில் கிரீன் சொல்கிறாரா?

இருப்பது இரண்டு மணித்தியாலம். எதை எடுப்பது, எதை விடுவது என்றும் சொல்லுங்கள். முடிவை மறைக்கத் தேவையில்லை, எல்லாரும் வாசித்தாயிற்று.


ஜம்பட்டா வீதி எழுதியது:

முதல் கேள்வியை அவிழ்த்தால் மற்றவை தாமாக இளகும். இந்த நாவலின் கதைப்பின்னல் பழைய ஞானோபதேசத்தின் (மறைக்கல்வியின்) சட்டங்களால் ஆனது. சட்டம் தெரியாமல் வாசிக்கிறவருக்கு ஸ்கோபி வெறும் நரம்புத் தளர்ச்சிக்காரனாகத்தான் தெரிவான்.

ஒரு செயல் சாவான பாவம் (மன்னிப்பில்லாமல் செத்தால் நரகத்துக்குக் கொண்டுபோகும் பாவம்) ஆவதற்கு மூன்று நிபந்தனை உண்டு: காரியம் கனமானதாக இருக்கவேண்டும், அது பாவம் என்ற முழு அறிவு இருக்கவேண்டும், முழுச் சம்மதத்தோடு செய்திருக்கவேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. விபசாரம் இந்தக் கணக்கில் வரும். ஆனால் அதற்கு மீட்சி இருக்கிறது, குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகலாம். அங்கே பாவத்தைச் சொன்னால் மட்டும் போதாது. மனஸ்தாபம் (பாவத்துக்காக மனம் வருந்துதல்) வேண்டும், இனி அந்தப் பாவத்துக்கும் அதன் சந்தர்ப்பத்துக்கும் விலகியிருப்பேன் என்ற பிரதிக்கினை வேண்டும். ஸ்கோபி இடறுவது இந்தப் பிரதிக்கினையில். ஹெலனை விட்டுவிடுகிறேன் என்று பாதர் ராங்கிடம் அவனால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. பொய்யாகக் கொடுத்தால் மன்னிப்புச் செல்லாது, தலையில் இன்னொரு பாவமும் ஏறும். பாதர் ராங்க் பாவமன்னிப்புக் கொடுக்காமல் அனுப்புவது கல்மனத்தால் அல்ல. பிரதிக்கினை இல்லாதவனுக்குக் கொடுக்க அவருக்கு வழியில்லை.

உங்கள் நண்பரின் கேள்விக்கு விடை இதுதான். இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஸ்கோபி மனைவியிடம் பொய் சொல்கிறான், வேலையில் பொய் சொல்கிறான், சிரிய வியாபாரி யூசெப்போடு கள்ள உடன்படிக்கை வைக்கிறான். அந்தத் தொட்டிக்குள் மட்டும் அவனுக்குப் பொய் வரவில்லை. அவனிடம் விசுவாசம் இருக்கிறது என்பதற்கு நாவலில் இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

சாவான பாவத்தோடு நன்மை வாங்குவது வேறு தரத்துப் பாவம், தேவதுரோகம். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11ஆம் அதிகாரத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. விபசாரத்தில் ஆசை, தனிமை, மழை, போர்க்காலம் என்று எத்தனையோ சாட்டு உண்டு. நன்மை வாங்குவது விடியக் காலையில், தெளிந்த புத்தியோடு, மனைவிக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, கிறிஸ்துவின் சரீரத்துக்கே செய்வது. அந்த மூன்று நிபந்தனையும் ஒரு நூல் இடைவெளியில்லாமல் பொருந்துகிற இடம் அதுதான். கிரீன் வேண்டுமென்றே அப்படிப் பொருத்தி வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு பிராந்திக் குவளை வரும், பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுவார்கள். அக்காலத்தில் நன்மை வாங்குகிறவர் நள்ளிரவிலிருந்து உபவாசம், தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. 1953இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு விலக்குக் கொடுத்தார். 1957இல் உபவாசம் மூன்று மணித்தியாலமானது, 1964இல் ஒரு மணித்தியாலமாகச் சுருங்கியது. நாவல் நடப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேற்கு ஆபிரிக்காவில், பழைய விதி முழுப் பலத்தோடு இருந்த நாட்களில். மனைவி லூயிஸ் முதல் தடவை பூசைக்குக் கூப்பிடும்போது ஸ்கோபி நெஞ்சு நோ என்று சாட்டிப் பிராந்தி குடிக்கிறான். உபவாசம் முறிந்தது, இனி நன்மை வாங்க முடியாது, மனைவிக்குச் சொல்ல நியாயமும் கிடைத்தது. ஒரு மணித்தியால விதியில் வளர்ந்த இன்றைய கத்தோலிக்கப் பிள்ளைக்கும் இதை விளக்கித்தான் சொல்லவேண்டும். தேவதுரோகத்துக்குப் பயந்து ஒரு தந்திரம் செய்கிறான். பிற்பாடு அதே நெஞ்சு நோதான் நாட்குறிப்பில் பொய்யாக வளர்ந்து தற்கொலையை மறைக்கும் வியாதியாகிறது. ஏன் மறைக்கவேண்டும்? 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் தெரிந்தே தற்கொலை செய்தவருக்குக் கோயில் அடக்கத்தை மறுத்தது. அவன் போன பிறகு லூயிஸ் அதைத் தாங்கவேண்டி வரும்.

லூயிஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹெலன் விஷயம் கேள்விப்பட்டுத்தான் தென்னாபிரிக்காவிலிருந்து அவள் திரும்பி வந்தாள் என்பது கடைசி அத்தியாயத்தில்தான் வெளிவருகிறது. அப்படியென்றால் பூசைக்கு வா என்று கூப்பிட்டது பக்தி மட்டுமல்ல, சோதனை. அவன் நன்மை வாங்கியதும் விட்டுவிட்டான் என்று நம்பிவிடுகிறாள். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பூசைக் காட்சியை மறுபடி வாசியுங்கள், பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும் அந்த மனுசி வேறு ஆளாகத் தெரிவாள்.


தேரடி எழுதியது:

கண்ணப்பர் கட்டுரையை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது தலைகீழாக எழுதச் சொல்லுங்கள்.

கண்ணப்பர் விதி தெரியாதவர். வாயில் நீர் கொண்டுவந்து அபிடேகம் செய்கிறார், தலையில் செருகிய பூவைச் சாத்துகிறார், மென்று பதம் பார்த்த இறைச்சியைப் படைக்கிறார். குற்றம் என்று ஒன்று அங்கே நடக்கிறது என்பதே அவர் மனதில் இல்லை. பதறுவது அங்கே பூசை செய்யும், விதி தெரிந்த சிவகோசரியார். ஜம்பட்டா வீதி மேலே சொன்ன மூன்றில் ‘முழு அறிவு’ கண்ணப்பரிடம் அறவே இல்லை. கிரீனின் பாதிரியாருக்கோ அறிவுதான் வாதை. எந்தப் பாவத்துக்கு என்ன பெயர், எந்த நிலையில் பலிபூசை வைக்கக்கூடாது, அத்தனையும் படித்தவர். அவர் கண்ணப்பர் அல்ல, வழுக்கி விழுந்த பிறகும் பூசையை விடமுடியாத ஒரு சிவகோசரியார்.

ஸ்கோபிக்கு அயல் தேடினால் சுந்தரரிடம் போகலாம். அவருக்கு மனைவியர் இருவர்: திருவாரூரில் பரவையார், திருவொற்றியூரில் சங்கிலியார். பிரியேன் என்று சங்கிலியாரிடம் சத்தியம் செய்யவேண்டி வருகிறது. சந்நிதியில் சத்தியம் செய்து பிறகு மீறினால் ஆபத்து என்று, அந்த நேரம் மட்டும் நீர் மகிழமரத்தடியில் போய் இரும் என்று இறைவனிடமே ஏற்பாடு செய்கிறார். ஸ்கோபியின் பிராந்தித் தந்திரத்துக்கு இதைவிடக் கிட்டிய உறவு நம்மிடம் இல்லை. இறைவன் சங்கிலியார் கனவில் போய், மகிழின்கீழேயே சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். பிறகு சத்தியம் மீறி ஊரைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போகின்றன.

பொருத்தம் அதோடு சரி. கண்ணிழந்த சுந்தரர் என்ன செய்கிறார்? சண்டை பிடிக்கிறார். உம் அடியார் இப்படி அல்லற்பட, நீர் “வாழ்ந்து போதீரே” என்று திருவாரூரில் நின்று வைகிறார். காஞ்சியில் ஒரு கண்ணையும் ஆரூரில் மற்றக் கண்ணையும் கேட்டு வாங்குகிறார். எதிரே இருப்பவர் தாங்குவார் என்று தெரிந்தவன் பிடிக்கிற சண்டை அது. ஸ்கோபிக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது. அவன் கடவுளைப் பார்த்தும் பரிதாபப்படுகிறான். நன்மை வாங்கும்போது தன் அடியால் கன்றிப்போன முகமாகக் கடவுளைக் கற்பனை செய்கிறான். தான் ஒரேயடியாகத் தொலைந்துபோனால் இந்த அடியிலிருந்து அவருக்கு விடுதலை கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறான். லூயிஸ், ஹெலன் வரிசையில் மூன்றாவதாகக் கடவுளையும் தன் பராமரிப்பில் எடுத்துக்கொள்கிற மனுசன். நாவலின் முழு வினையும் அங்கேதான் முளைக்கிறது என்பது என் வாசிப்பு.

இதற்கு விதை முன்னாலேயே விழுந்துவிட்டது. கப்பல் மூழ்கித் தப்பிவந்த ஆறு வயதுச் சிறுமி சாகக்கிடக்கும்போது அவன் செய்கிற மன்றாட்டைப் பாருங்கள்: என் சமாதானத்தை என்றைக்கும் எடுத்துக்கொள், இந்தப் பிள்ளைக்குச் சமாதானம் கொடு. கேட்டது கிடைக்கிறது, இரண்டு பகுதியும். அவனுடைய சொந்த மகள் இங்கிலாந்தில் செத்தபோது இரண்டு தந்தி முன்பின்னாக வந்தன, இறந்த செய்தி முதலிலும் கடும் சுகவீனம் என்ற செய்தி பிறகும். அந்தப் பிள்ளையின் படுக்கையருகில் அவன் இருக்கவில்லை. இந்தச் சிறுமியின் பக்கத்தில் இருந்து அந்தக் கடனை அடைக்கிறான்.


எதிர்க்காற்று எழுதியது:

இவ்வளவு நுட்பமாக விளக்கவேண்டியிருக்கிறதே, அதுவே நாவலின் பலவீனம் என்று ஜோர்ஜ் ஓர்வெல் 1948இலேயே சொல்லிவிட்டார். ‘நியூயோர்க்கர்’ இதழில் எழுதிய மதிப்புரையில் அவர் கேட்டது நேரான கேள்வி. விபசாரம் சாவான பாவம் என்று ஸ்கோபி உண்மையாக நம்பினால் அதை நிறுத்தியிருப்பான். நிறுத்தாவிட்டால் நாளடைவில் பாவ உணர்வு மழுங்கியிருக்கும். நரகம் இருக்கிறது என்று நம்புகிறவன் இரண்டு பெண்களின் மனம் நோகக்கூடாது என்பதற்காக அங்கே போவானா? சாதாரண மனித சுபாவத்தில் இந்த இரண்டும் ஒன்றாக நிற்காது என்பது அவர் வாதம். நரகம் ஏதோ கத்தோலிக்கருக்கு மட்டும் ஒதுக்கிய உயர்தர விடுதி மாதிரிக் காட்டப்படுகிறது என்ற கேலியும் அதில் உண்டு.

உள்ளேயிருந்தும் அடி விழுந்தது. ஈவ்லின் வோ கத்தோலிக்கர், கிரீனின் நண்பர். கடவுள்மேல் கொண்ட அன்பினால் என் ஆன்மாவின் அழிவையே விரும்புகிறேன் என்ற எண்ணம் ஒன்றில் தளர்ந்த கவிதைப் பேச்சு, இல்லையேல் பைத்தியக்காரத் தேவநிந்தை என்று எழுதினார். உங்கள் வட்டத்துக் கத்தோலிக்கரின் கோபத்துக்கு நல்ல பரம்பரை இருக்கிறது, அவர்களைக் குறுகிய மனக்காரர் என்று ஒதுக்கவேண்டாம்.

ஓர்வெல் சொன்னதில் பாதியை நான் ஏற்கமாட்டேன். மனிதன் நம்புகிறபடிதான் நடப்பான் என்பது ஒரு பகுத்தறிவாளரின் நம்பிக்கை, மனித சுபாவத்தைப் பற்றிய தகவல் அல்ல. நீரிழிவு என்று தெரிந்தும் இனிப்புச் சாப்பிடுகிறவர் நோயை நம்பாதவரா? ஆனால் மற்றப் பாதி நிற்கிறது. பாவத்துக்கு ஒரு தனி மினுக்கம் கொடுக்கிற பழக்கம் கிரீனிடம் உண்டு. ‘பிரைட்டன் ரொக்’ (1938) நாவலில் பதினேழு வயது ரவுடி பிங்கிக்கு நன்மை, தீமை தெரியும் என்று ஓர் உயரம். ஐடா என்ற சாதாரண, நல்ல மனம் கொண்ட பெண்ணுக்குச் சரி, பிழை மட்டும்தான் தெரியும் என்று ஓர் இளக்காரம். கொலைகாரனைப் பிடிக்க அலைகிறவள் அவள்தான். அவளை ஏன் பகிடியாக எழுதவேண்டும்?

கிரீன் தரப்பிலும் ஒன்று சொல்லவேண்டும். 1980இல் வந்த ‘வேய்ஸ் ஒஃப் எஸ்கேப்’ நூலில் ஸ்கோபியைப் பற்றி அவரே தெளிவாக எழுதுகிறார்: பரிவு வேறு, பரிதாபம் வேறு, பரிதாபம் கிட்டத்தட்ட அரக்கத்தனமான இறுமாப்பின் வெளிப்பாடாக முடியலாம் என்று காட்டவே ஸ்கோபியைப் படைத்ததாக. வாசகர் அவனைப் புனிதராக்கியது அவருக்கே பிடிக்கவில்லை. ஆகவே “இரக்கத்தால் கெட்டவன்” கட்சிக்கு ஆசிரியரின் ஆதரவு இல்லை. ஆசிரியர் சொல்வதையே கடைசித் தீர்ப்பாக எடுக்கவேண்டும் என்றும் இல்லை.


நெய்தல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தொட்டி விஷயமும் பிராந்தி விஷயமும் நன்றாக விளங்கின. ஒன்று மிச்சம். தற்கொலை செய்தவனுக்கு நரகம் உறுதி என்பதுதானே அந்தக் காலத்துப் போதனை? பிறகு எப்படி பாதர் ராங்க் கடைசியில் அவன் கடவுளை நேசித்தான் என்கிறார்? அது கிரீன் தன் பாத்திரத்தைக் காப்பாற்றச் செருகிய வசனமா?


ஜம்பட்டா வீதி எழுதியது:

செருகல் அல்ல. போதனைக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு வாசல் அது.

திருச்சபை ஒருவரைப் பெயர் சொல்லிப் புனிதர் என்று அறிவிக்கும். பெயர் சொல்லி இன்னார் நரகத்தில் என்று ஒருநாளும் அறிவித்ததில்லை. செயலைத் தீர்க்கும், ஆளைத் தீர்க்காது. இன்றைய மறைக்கல்வி நூல் (1992) தற்கொலை செய்தவரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கவேண்டாம் என்று 2283ஆம் எண்ணில் நேராகவே சொல்கிறது. 1948இல் அது இவ்வளவு வெளிப்படையாக எழுதப்படவில்லை. ஆனால் உத்தம மனஸ்தாபம் என்ற போதனை அன்றும் இருந்தது. நரகத்துக்குப் பயந்து வருகிற மனஸ்தாபம் அரைகுறை, அதற்குக் குருவின் பாவமன்னிப்பு வேண்டும். கடவுள்மேல் கொண்ட அன்பினால் வருகிற மனஸ்தாபம் உத்தமம். சாகிற தறுவாயில் குரு இல்லாவிட்டாலும் அது போதும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்கோபி விழுகிற அரைப் பக்கத்தைப் பாருங்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வெளியே யாரோ தன்னைத் தேடுவது போல, உதவி கேட்பது போல அவனுக்குத் தோன்றுகிறது. எழும்ப முயல்கிறான். கடவுளை விளித்து, நான் நேசிக்கிறேன் என்று தொடங்குகிறான். வசனம் முடியவில்லை. யாரை நேசிக்கிறான் என்ற சொல் வருவதற்குள் விழுந்துவிடுகிறான். அந்தச் சொல் கடவுளாக இருந்தால் உத்தம மனஸ்தாபத்தின் வாசற்படியில் நிற்கிறான், ஹெலனாக இருந்தால் இல்லை. கிரீன் சரியாக அந்த இடத்தில் வாயை மூடுகிறார். பாதர் ராங்க் தன் பங்குக்கு, திருச்சபைக்கு விதியெல்லாம் தெரியும், ஒரு மனித இதயத்துக்குள் நடப்பது தெரியாது என்கிற கருத்தில் பேசுவதும் அதனால்தான். விதி பிழை என்று அவர் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்பு மறுத்தவரும் அவரேதான் என்பதை மறக்கக்கூடாது.


மருதானைப் பழைய புத்தகம் எழுதியது:

குடிகாரப் பாதிரியார் பக்கம் யாரும் சரியாகப் போகவில்லை. என்னைக் கேட்டால் முதலில் எடுக்கவேண்டியது அந்த நாவல்தான் (1940). ஸ்கோபியில் விசுவாசம் ஒருவன் மண்டைக்குள் நடக்கிறது. இங்கே அது தெருவில் நடக்கிறது, சைவ வாசகர் கெதியாகப் பிடித்துக்கொள்வார்.

பின்னணி இவ்வளவு போதும். 1926இல் மெக்சிக்கோவில் காயெஸ் ஜனாதிபதியின் சட்டம் மதகுருமாரை நெருக்கியது. தபாஸ்கோ மாநிலத்தில் ஆளுநர் கரிதோ கனபால் அதைவிடக் கடும்பிடி: கோயில்கள் மூடப்பட்டன, குருமார் கலியாணம் முடிக்கவேண்டும் என்று விதி, மதுவிலக்கு, கண்காணிக்கச் செஞ்சட்டைப் படை. 1938இல் கிரீன் அங்கே போய்ப் பார்த்துவந்து எழுதினார். நாவலில் மாநிலத்துக்குப் பெயர் இல்லை, பாதிரியாருக்கும் இல்லை.

கூட்டத்தில் சத்தமாக வாசிக்க ஒரு காட்சி போதும் என்றால், வைன் வாங்கும் காட்சி. பூசைக்குத் திராட்சை வைன் கட்டாயம், வேறு மது செல்லாது. மதுவிலக்கு ஊரில் கள்ளமாகத்தான் கிடைக்கும். பாதிரியார் கையிலிருக்கும் காசுக்கு ஒரு போத்தல் வைனும் ஒரு போத்தல் பிராந்தியும் வாங்குகிறார். விற்கிறவர் ஆளுநரின் உறவினர், மரியாதைக்கு அங்கேயே குடிக்கலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார். பாதிரியார் பிராந்தியை நீட்டிப் பார்க்கிறார், அவர்களுக்கு வைன்தான் வேண்டுமாம். கண்முன்னே துளித்துளியாக வைன் தீர்கிறது. அழுகிறார், வெறியில் அழுகிறார் என்று நினைக்கிறார்கள். மிஞ்சியது பிராந்தி, பூசைக்கு உதவாது, பிடிபட மட்டும் உதவும். அன்றிரவே பிராந்தியோடு பிடிபட்டு மறியலுக்குப் போகிறார். காலையில், அவரைத் தேடி அலையும் பொலிஸ் லெப்டினன்ட் ஆளை அடையாளம் தெரியாமல் இரக்கப்பட்டு ஐந்து பெசோ கொடுத்து விடுகிறான். ஒரு பூசைக்குக் கொடுக்கிற காசு அது. குருமாரை வெறுக்கிற அந்த நாத்திகனைப் பார்த்து, நீ நல்லவன் என்கிறார் பாதிரியார், வெளிவேடமில்லாமல்.

பாவி கிட்டவா என்ற உங்கள் கேள்விக்கு இந்த நாவலில் பதில் இருக்கிறது, இல்லை என்பதே பதில். கிரீன் சொல்வது வேறு: அருட்சாதனத்தின் (பூசை, ஞானஸ்நானம் போன்றவற்றின்) பலன் அதைக் கொடுக்கிறவரின் தரத்தில் தங்கியில்லை. அகுஸ்தீனார் காலத்தில், கெட்ட குரு கொடுப்பது செல்லாது என்ற தொனாத்துவாதிகளோடு நடந்த தர்க்கம் இதைப் பற்றியதுதான். கெட்ட குரு கொடுத்த ஞானஸ்நானமும் செல்லும், ஏனெனில் உண்மையில் கொடுப்பவர் கிறிஸ்து. ஆகவே குடிகாரனும் ஒரு பிள்ளைக்குத் தகப்பனுமான இந்த மனுசன் ஓடிப்போனால் அந்த மாநிலத்தில் கடவுளை அப்ப உருவில் கொண்டுவர ஆளில்லை. பெருமையாக எழுதப்பட்ட பாவம் இல்லை இது. எல்லை தாண்டி லேர் குடும்பத்தாரின் வீட்டில் நாலு நாள் சொகுசு கிடைத்ததும் ஞானஸ்நானக் கட்டணத்துக்குப் பேரம் பேசத் தொடங்குகிறார், பழைய ஆள் உடனே திரும்பி வந்துவிடுகிறார். கஷ்டம் அவரை மாற்றியது, வசதி மாற்றியதை அழித்தது. மனித சுபாவத்தைப் பற்றி கிரீன் எழுதியதில் எனக்கு மிகக் கறாராகப் படுவது இந்த அத்தியாயம்.

அவர் மனஸ்தாபத்தில் தோற்கிற இடமும் பாருங்கள். மகள் பிரிஜிட்டா பாவத்தில் பிறந்தவள். பாவத்துக்காக வருந்தவேண்டும், பிள்ளைமேல் உள்ள அன்போ வருந்தவிடாது. சாவதற்கு முதல்நாள் இரவு பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு குருவைக் கொண்டுவர லெப்டினன்டே போகிறான், கலியாணம் முடித்த பாதர் ஹோசேயிடம். மனைவி தடுக்கிறாள், ஹோசே பயந்து வரவில்லை. லெப்டினன்ட் திரும்பி வந்து பிராந்தி கொடுக்கிறான். மேலே சொன்ன உத்தம மனஸ்தாபம் என்ற வாசல் மட்டும்தான் இவருக்கும் மிச்சம்.

இலங்கை வாசகருக்கு இன்னொரு கைபிடி உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து பிச்சைக்கார வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசப் வாஸ் அடிகளின் வரலாறு நம் கத்தோலிக்கருக்கு மனப்பாடம். கண்டியில் ஒற்றன் என்று சிறை, பிறகு மன்னனின் அனுமதி, 1711இல் மரணம், 2015இல் காலிமுகத்திடலில் புனிதர் பட்டம். வேட்டையாடப்பட்ட குரு என்ற சட்டகம் ஒன்றே, ஆள் நேர்மாறு. கிரீனுக்கு இந்த முரண் தெரியும். நாவலுக்குள்ளேயே ஒரு தாய் தன் பிள்ளைகளுக்கு ஹுவான் என்ற இளம் வேதசாட்சியின் தூய வரலாற்றை வாசித்துக்கொண்டிருக்கிறாள், வெளியே உண்மையான வேதசாட்சி சாராய நாற்றத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறார். அவளுடைய மகனுக்கு அந்தக் கதை அலுக்கிறது. கடைசியில் கதவைத் தட்டும் புதிய குருவுக்குத் திறந்துவிடுகிறவனும் அவன்தான். உங்கள் வட்டத்துக் கத்தோலிக்கரிடம் இந்த இடத்தைக் கொடுங்கள், கோபம் கொஞ்சம் இறங்கும். இந்த நாவலுக்கும் ரோமில் 1953இல் கண்டனம் எழுந்தது. 1965இல் ஆறாம் பவுல் பாப்பரசர் கிரீனைச் சந்தித்தபோது, உங்கள் நூல்களில் சில பகுதிகள் சில கத்தோலிக்கரை எப்போதும் புண்படுத்தும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்றார்.

நேரப் பங்கீடு: சட்ட விளக்கத்துக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் போனால் மறைக்கல்வி வகுப்பாகிவிடும். வைன் காட்சி, பிராந்திக் காட்சி இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். ஒன்றில் பிராந்தி பூசையைக் கெடுக்கிறது, மற்றதில் பூசையிலிருந்து தப்ப வைக்கிறது. முக்கால் மணித்தியாலம் அதிலேயே போகும், போகட்டும். மிச்சம் ஓர்வெல்லுக்கு. ‘தி என்ட் ஒஃப் தி அஃபெயர்’ (1951) நாவலை இந்தக் கூட்டத்துக்குள் இழுக்கவேண்டாம். பிறகு எடுத்தால் எல்லாரும் ஒரே பதிப்பை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதில் வரும் நாத்திகன் ஸ்மைத்தின் முகத்து மறு மறைகிற அற்புதம் அதிகப்படி என்று கிரீனுக்கே பட்டு, பிற்பதிப்பில் அதை நரம்புக் கோளாறால் வரக்கூடிய தோல் வியாதியாக மாற்றிவிட்டார். பழைய பிரதியும் புதிய பிரதியும் கலந்து வந்தால் அற்புதம் நடந்ததா இல்லையா என்று வீண் சண்டை வரும்.


எதிர்க்காற்று எழுதியது:

பங்கீடு நல்லது. ஆனால் அலிக்கு ஒரு பத்து நிமிடம் ஒதுக்காமல் முடிக்கவேண்டாம். பதினைந்து வருடம் கூடவே இருந்த வேலையாள். ஸ்கோபி அவன்மேல் கொண்ட சந்தேகத்தை யூசெப்பிடம் வாய்விட, அலி துறைமுகத்துப் பக்கம் கழுத்தறுபட்டுக் கிடக்கிறான். எண்ணெய்ப் பீப்பாக்களின் அடியில் கிடக்கும் உடலைப் பார்த்து, கடவுளையே கொன்றுவிட்டேன் என்று ஸ்கோபி உணர்கிறான். இறையியலாகப் பார்த்தால் நாவலின் உச்சம் அதுதான், தேரடி சொன்ன வரிசையில் மூன்றாவதான கடவுள் அங்கே உடலாகக் கிடக்கிறார்.

எனக்கு அது உறுத்துகிறது. கதை ஏன் மேற்கு ஆபிரிக்காவில் நடக்கவேண்டும், லண்டன் புறநகரில் நடந்தாலும் இதே கதைதானே என்று ஓர்வெல் கேட்டார். ஆளப்பட்ட நாட்டிலிருந்து வாசிக்கும் நமக்கு அந்தக் கேள்வி இன்னும் கிட்ட வரும். ஓர் ஆபிரிக்கன் செத்தது ஒரு வெள்ளைக்காரனின் ஆன்மாவுக்கு உவமையாகப் பயன்படுகிறது. அந்தப் பகுதியை வாசித்துவிட்டு, அலியின் சாவுக்காக ஸ்கோபியைத் தவிர அந்த வெள்ளைக்காரக் குடியிருப்பில் யார் என்ன கேட்கிறார்கள் என்று வட்டத்தில் தேடச் சொல்லுங்கள்.